வம்பஸ்: வம்பை வரிவரியாக வாங்கிய கதை

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நிரல் ஓடுகிறது. அந்தப் பழைய கணினி விளையாட்டில் வரும் வம்பஸ் என்ற மிருகம் என்னை ஒன்பது முறை தின்றிருக்கிறது. நான் அதை இரண்டு முறை அம்பால் அடித்திருக்கிறேன். ஒரு முறை என் அம்பு சுற்றி வந்து என் மீதே பாய்ந்தது. இத்தனைக்கும் அந்த மிருகம் எப்போது என்ன செய்யும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே எனக்குத் தெரியும். அதன் மூளையை வரிவரியாகத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

பழைய கணினி இதழ்களின் ஸ்கேன்களைப் புரட்டுவது எனக்கு ரொம்ப நாளாக உள்ள பழக்கம். 1970களின் பின்பாதியிலும் 80களிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த இதழ்களில் பக்கம் பக்கமாக 'பேசிக்' என்ற எளிய கணினி மொழியில் எழுதிய நிரல்கள் அச்சாகியிருக்கும். கடையில் விளையாட்டுக் கேசட் வாங்கக் காசில்லாத பையன்கள் அதைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டி, ஓடவிட்டு ஆடுவார்கள். அந்தப் பக்கங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூட அடித்துப் பார்த்ததில்லை. சமையல் புத்தகத்தைப் படித்தே பசியாறியதாக நினைத்துக்கொள்வது மாதிரி. சரி, ஒன்றையாவது அடுப்பில் ஏற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டது 'ஹன்ட் த வம்பஸ்'. எழுதியவர் கிரெகரி யோப். 1973-இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி என்ற பத்திரிகை மூலம் வெளியே தெரிந்தது. பெயரில்தான் கம்பெனி, ஆள் செய்தித்தாள். 1975-இல் டேவிட் ஆல் நடத்திய கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் இதழில் முழு நிரலும் யோப் எழுதிய கட்டுரையும் வந்தன. வம்பஸுக்கு முன் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி வட்டாரத்தில் ஆடப்பட்ட ஒளிந்துபிடி விளையாட்டுகள் எல்லாம் பத்துக்குப் பத்துக் கட்டத்தில் நடந்தவை. யோபுக்கு அந்தக் கட்டம் அலுத்துவிட்டது. பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட டோடெகாஹீட்ரன் என்ற கன உருவத்தை எடுத்து, அதன் 20 முனைகளை 20 அறைகளாக்கினார். ஒவ்வொரு முனையிலும் மூன்று விளிம்புகள் கூடும், அதனால் ஒவ்வொரு அறைக்கும் மூன்று சுரங்கங்கள்.

குகைக்குள் ஒரு வம்பஸ், இரண்டு படுகுழிகள், ஆளைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ போடும் இரண்டு பெரிய வௌவால்கள். உங்களிடம் ஐந்து அம்புகள். படம் எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். பக்கத்து அறையில் வம்பஸ் இருந்தால் வாடை அடிக்கும், குழி இருந்தால் குளிர்காற்று வரும். அதை வைத்து ஊகிக்க வேண்டும்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி: நகலெடுத்து ஒட்டுவது கூடாது, ஸ்கேனைப் பார்த்துக் கையால்தான் அடிக்க வேண்டும். இயந்திரம், 48கே ஸ்பெக்ட்ரம் என்ற பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள், அதாவது எமுலேட்டர். 1982-இல் பிரிட்டனில் வந்த, ரப்பர் கீ வைத்த அந்தச் சின்னப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வம்பஸ் அதற்காக எழுதப்பட்டதில்லை, தெரிந்தேதான் இறங்கினேன்.

முதல் நாள்

ஸ்பெக்ட்ரமில் சொல்லை எழுத்துக் கூட்டி அடிக்க முடியாது. பி-யைத் தட்டினால் 'பிரின்ட்' என்று முழுச்சொல்லும் வந்து விழும். எல்-க்கு, மதிப்புக் கொடுக்கும் 'லெட்'. ஜி-க்கு, இன்ன வரிக்குத் தாவு என்னும் 'கோ டு'. கை பழகிய வேகத்தில் பி, ஆர், ஐ, என், டி என்று அடித்தால், முதல் எழுத்துக்கே பிரின்ட் விழுந்து, மிச்ச நான்கு எழுத்தும் அதற்கு வாலாக ஒட்டிக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் இதே கூத்து. 'டேட்டா' என்ற சொல்லுக்கு இரண்டு ஷிஃப்ட் கீயையும் சேர்த்து அழுத்திவிட்டு அப்புறம் டி (D). அதைக் காகிதத்தில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்தேன்.

இன்னொரு குணம், தப்பான வரியை அது உள்ளேயே விடாது. என்டர் தட்டியதும் தப்பு இருக்கும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மினுக்கும். என்ன தப்பு என்று சொல்லாது, 'இங்கே' என்று மட்டும் காட்டும். அன்று எனக்கு மினுக்கிய கேள்விக்குறிகளில் பாதிக்கு மேல் என் தப்பே இல்லை, பாஷைத் தகராறு. பல பேசிக்குகளில் 'லெட்' போடாமல் மதிப்புக் கொடுக்கலாம், ஸ்பெக்ட்ரம் ஒத்துக்கொள்ளாது. 'இப்படி இருந்தால்' என்ற நிபந்தனைக்கு அடுத்து வரும் 'தென்' என்றபின் வெறும் வரி எண் போட்டால் போதும் என்பது அங்கே, இங்கே 'கோ டு' கட்டாயம். குருட்டாம்போக்கில் எண் தரும் ஆர்என்டி-க்கு அடைப்புக்குறிக்குள் 1 கொடுப்பது அங்கே வழக்கம், இங்கே கொடுத்தால் கேள்விக்குறி.

பெரிய முட்டுக்கட்டை, ஒரு எண்ணைப் பார்த்துப் பல வரிகளில் ஒன்றுக்குத் தாவும் கட்டளை ஸ்பெக்ட்ரமில் இல்லவே இல்லை. நடப்பதா, அம்பு விடுவதா என்று ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் இடம் அது, இல்லாமல் முடியாது. இதற்கு அந்தக் கால ஸ்பெக்ட்ரம்காரர்கள் கையாண்ட ஒரு வித்தை உண்டு. ஒப்பீடு உண்மையானால் அதன் மதிப்பு 1, பொய்யானால் 0. அதனால் 500-ஐ 'தேர்வு 1-ஆ' என்பதாலும் 600-ஐ 'தேர்வு 2-ஆ' என்பதாலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அந்தத் தொகைக்கே 'கோ டு' போட்டுவிடலாம். முதல் முறை வேலை செய்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஒரு இயந்திரத்துக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது என்ற இந்தத் தலைவலிதான் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி இதழ் வளர்ந்ததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். பொது இதழ்களில் ஒரே விளையாட்டுக்கு இந்தக் கணினிக்கு ஒரு வடிவம், அந்தக் கணினிக்கு ஒரு வடிவம் என்று போட்டுப் பக்கம் தின்றிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்

குகையின் வரைபடம் மொத்தமும் டேட்டா வரிகளில் இருக்கிறது. 20 அறை, அறைக்கு மூன்று, ஆக 60 எண்கள். 2, 5, 8 என்று தொடங்கும்: முதல் அறையிலிருந்து இந்த மூன்றுக்கும் வழி. வேறு எந்த விளக்கமும் கிடையாது. நான் பார்த்த ஸ்கேன் மங்கல். 8-உம் 9-உம் ஒரே மாதிரி உருண்டைகள்.

அடித்து முடித்தேன். ஓடியது! 'வம்பஸ் வாடை வருகிறது' என்று ஆங்கிலத்தில் திரையில் வந்தபோது மணி பதினொன்றரை.

ஐந்தாம் நாள்

காகிதத்தில் வரைபடம் போட்டுக்கொண்டு ஆடினேன். 11-ஆம் அறையில் நிற்கிறேன். 10, 12, 18-க்கு வழி என்கிறது. 18-க்குப் போனேன். அங்கே குளிர்காற்று, குழி பக்கத்தில். திரும்பிவிடுவோம் என்று 11 அடித்தால் 'முடியாது' என்கிறது. 18-இலிருந்து வழி 9, 17, 19-க்கு மட்டும்தானாம். வந்த வழி எங்கே போயிற்று?

'அடடா, என்ன தந்திரமான குகை' என்று வியந்தேன். இதுதான் வெட்கக்கேடு. யோப் பிறகு எழுதிய இரண்டாம் வம்பஸில் நிஜமாகவே ஒருவழிப் பாதைக் குகை ஒன்று உண்டு என்று படித்திருந்தேன், அதன் முன்னோட்டம் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலும் ஒரு மாலை அப்படியே ஆடினேன். பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் கேட்டாள்: "அப்பா, எல்லா ரூமுக்கும் மூணு கோடு வருது. 18-க்கு மட்டும் ஏன் நாலு?"

ஏன் என்றால் அப்பா 19-ஐ 18 என்று அடித்திருக்கிறார்.

ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாதே. கண்டுபிடித்தது இப்படி. வழிகள் எல்லாம் இருவழி என்றால் ஒவ்வொரு அறை எண்ணும் பட்டியலில் சரியாக மூன்று முறை வர வேண்டும். 1 முதல் 20 வரை கூட்டினால் 210, மூன்று மடங்கு 630. நான்கு வரியில் ஒரு சின்ன நிரல் எழுதி 60 எண்களையும் கூட்டச் சொன்னேன். 629 வந்தது. ஒன்று குறைகிறது! அந்த ஒன்று எங்கே என்று கூட்டல் சொல்லாது. அடுத்து, ஒவ்வொரு வழிக்கும் எதிர்வழி இருக்கிறதா என்று பார்க்கும் இன்னொரு நிரல். அது இரண்டு வரி கக்கியது: 11-லிருந்து 18, 19-லிருந்து 11. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 10, 12, 19. உருண்டைக்குக் கீழே ஒரு வால், நூலிழை மாதிரி.

ஏழாம் நாள்

அன்றைக்குத் தட்டச்சு எதுவும் இல்லை, படித்தேன். நான் செய்த இந்த 630 வேலையை இதழ்கள் அப்போதே முறையாகச் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் கம்ப்யூட் இதழ்க் குடும்பம் 1983-இல் 'ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர்' என்ற சின்ன நிரலை அச்சிட்டது. அதை முதலில் அடித்து ஓடவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் திரையின் மேல் மூலையில் ஒரு எண் காட்டும். இதழில் அந்த வரியின் கடைசியில் அச்சாகியிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போனால் வரி சரி. முதலில் வந்த வடிவம், இடம் மாறி விழுந்த எழுத்துகளைக் கண்டுபிடிக்காது. என் கூட்டலும் அப்படித்தான், 12, 19 என்பதை 19, 12 என்று அடித்தாலும் 630தான். வெறும் எண்களாகவே நீளும் இயந்திரமொழி நிரல்களுக்கு எம்எல்எக்ஸ் என்று இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

இவை இல்லாத இதழ்களின் வாசகர் பாடு திண்டாட்டம். அச்சிலேயே பிழை இருந்தால் திருத்தம் அடுத்த மாத இதழில் வரும். அதுவரை தப்பு தன்னுடையதா, இதழுடையதா என்று தெரியாமல் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி அடித்து அடித்தே நிரலாளர்கள் ஆனார்கள்' என்று உருகுவது வழக்கம். சிலர் ஆனார்கள்தான். பின்னாளில் டூம் என்ற புகழ்பெற்ற விளையாட்டைச் செய்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் முதல் விளையாட்டு அச்சானதே 1984-இல் இன்சைடர் என்ற ஆப்பிள் கணினி இதழில், இதே மாதிரி நிரல் பக்கமாகத்தான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது இலவச விளையாட்டு, பாடம் இல்லை என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் அட்டையில் கேசட்டை ஒட்டிக் கொடுக்கத் தொடங்கியதும் நிரல் பக்கங்கள் அப்படிக் கரைந்து போயிருக்குமா?

அவை கரைந்த பிறகும் நிரலுக்குள் கைவிடும் பழக்கம் வேறு வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பெக்ட்ரம் இதழ்களில் 'போக்' பகுதிகள் வரும். நினைவகத்தில் இந்த இடத்தில் இந்த எண்ணைப் போடு, உயிர் குறையாது என்கிற மாதிரி. மேத்யூ ஸ்மித்தின் ஜெட் செட் வில்லி என்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டு 1984-இல் வந்தபோது, பரண் அறைக்குள் ஒருமுறை நுழைந்தால் அப்புறம் மற்ற அறைகள் கெட்டுப்போகும் ஒரு பிழை இருந்தது. அங்கே பறக்கும் அம்பு ஒன்று திரை நினைவகத்தைத் தாண்டிப் போய் விளையாட்டின் தகவல்களை அழித்துவிடும். முதலில் அது வேண்டுமென்றே வைத்த விஷவாயு என்று வெளியிட்டவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு திருத்தும் போக் எண்களைக் கொடுத்தார்கள். பிழையைத் தந்திரம் என்று நினைத்தவன் நான் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதல். அதே 1984-இல் யுவர் ஸ்பெக்ட்ரம் இதழ் அந்த விளையாட்டுக்குப் புதிதாக ஓர் அறையையே சேர்க்கும் நிரலை அச்சிட்டது. வாங்கிய விளையாட்டுக்கு வாசகரே வீட்டில் மாடி கட்டிக்கொள்ளலாம்!

பத்தாம் நாள்

புதுத் தொல்லை. தினமும் எமுலேட்டரைத் திறந்ததும் ஆடும் முதல் ஆட்டத்தில் வம்பஸ் அதே அறையில், குழிகள் அதே இடத்தில். இரண்டாவது நாளே மகள், "நேத்து இங்கதானே செத்தீங்க?" என்றாள். காரணம் எளிது. ஸ்பெக்ட்ரமின் குருட்டு எண் வரிசை ஒவ்வொரு முறை பெட்டியைப் போடும்போதும் ஒரே புள்ளியில் தொடங்கும். தொடக்கத்தில் 'ரேண்டமைஸ்' என்று ஒரு வரி, டி (T) கீயை ஒரே தட்டு. பெட்டி போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற கணக்கை எடுத்து அது வரிசையைக் கலைத்துவிடும். இதில் யார் தப்பும் இல்லை, ஒரு பேசிக்கிலிருந்து இன்னொன்றுக்குக் குடிமாறியதில் தொலைந்த சாமான்.

இதற்கப்புறம்தான் ஒழுங்காக ஆட முடிந்தது. அம்பு விட்டுக் குறி தவறினால் வம்பஸ் விழித்துக்கொள்ளும். நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு அது பக்கத்து அறைக்கு நகர, ஒரு பங்கு அங்கேயே இருக்க. நானே அடித்த வரி, வரி எண்கூட மனப்பாடம். ஆனாலும் குறி தவறியதும் திரையில் அடுத்த வரி வருவதற்குள் முதுகு நிமிர்கிறது. விதி தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். 11-ஆம் அறையில் நின்று 19-ஐ நோக்கி விட்டேன், தவறியது, மிருகம் நகர்ந்து நான் இருந்த அறைக்கே வந்துவிட்டது.

இப்போது

திரையில் 'வம்பஸ்' என்று தமிழில் வரவேண்டும் என்று மகளுக்கு ஆசை. ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துகள் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. கட்டம் போட்ட நோட்டில் அவள் கறுப்படித்துத் தருகிறாள், நான் வரிக்கு வரி எண்ணாக மாற்றி டேட்டாவில் அடிக்கிறேன். 'ப' சுலபம். 'வ' வந்துவிட்டது. 'ம்' புள்ளி வைக்க இடமில்லாமல் கொஞ்சம் குள்ளமாக இருக்கிறது, படிக்க முடிகிறது. 'ஸ்'-ஐ எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடக்க நான்கு முறை பார்த்தோம், ஒவ்வொரு முறையும் நசுங்கிய கரப்பான்பூச்சி மாதிரி வருகிறது. இரண்டு கட்டம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்கிறாள். நாளைக்கு அதை அடிக்க வேண்டும், 16 எண்கள். அவள் வாசிப்பதாகவும் நான் அடிப்பதாகவும் ஏற்பாடு.