முதல்முறை கப்பிங் மசாஜுக்குச் செல்பவர்களுக்கு

கப்பிங் என்பது கிண்ணங்களை உடலில் கவிழ்த்துத் தோலை உறிஞ்சி இழுக்கும் சிகிச்சை. அதைச் செய்துகொண்டவர்களின் முதுகில் தெரியும் கருஞ்சிவப்பு வட்டங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்றுதான். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோள்களில் அந்த வட்டங்களைத் தொலைக்காட்சியில் கண்ட கோடிக்கணக்கானோருக்கும் அதே கேள்விதான் எழுந்திருக்கும். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்வதால் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போகும்போது நானும் இந்தச் சிகிச்சையை அவ்வப்போது எடுத்துக்கொள்கிறேன். வலி ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த வட்டங்களைக் குறித்துப் பரவியிருக்கும் நம்பிக்கைகள்தான் முதல்முறை செல்பவர்களைத் தவறான எதிர்பார்ப்போடு படுக்க வைக்கின்றன என்பது என் எண்ணம். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமான மசாஜில் கைகள் தசையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. கப்பிங்கில் தோலும் அதன் அடியிலுள்ள திசுக்களும் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றன. கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றைக் குறைத்தால் அங்கே ஒரு பகுதி வெற்றிடம் உண்டாகி, தோல் உள்ளே எழும்புகிறது. பழைய முறையில், சாராயத்தில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் காட்டி எடுத்துவிட்டு உடனே உடலில் கவிழ்ப்பார்கள். உள்ளிருக்கும் சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது உறிஞ்சல் ஏற்படும். இப்போது பல இடங்களில் கைப்பம்பு பொருத்திய பிளாஸ்டிக் கிண்ணங்களையோ, விரலால் அமுக்கி வைக்கும் சிலிகோன் கிண்ணங்களையோ பயன்படுத்துகிறார்கள். நெருப்பு இல்லாததால் தீக்காயத்துக்கு இடமில்லை என்பதோடு, இழுப்பின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் எளிது என்பதால், முதல்முறை செல்பவர்களுக்கு இவற்றையே பரிந்துரைப்பேன்.

முன்பதிவு செய்யும்போதே ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். தோலில் சிறு கீறல்கள் இட்டு ரத்தத்தை வெளியே எடுக்கும் முறையும், ஹிஜாமா என்று பலரும் அறிந்திருப்பது அதுவே, கப்பிங் என்ற பெயரில்தான் வழங்குகிறது. மசாஜோடு சேர்த்துச் செய்யப்படும் உலர் கப்பிங்கில் ஒரு துளி ரத்தமும் வெளியேறக் கூடாது. கீறல் இடும் முறையில் கருவிகள் கிருமி நீக்கம் செய்யப்படாவிட்டால் ஹெபடைடிஸ் போன்ற, ரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் தொற்றலாம்; அடிக்கடி செய்துகொண்டால் ரத்தசோகையும் வரலாம். நான் இங்கே எழுதுவது உலர் முறையைப் பற்றி மட்டுமே.

நல்ல சிகிச்சையாளர் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்பார்: எங்கே வலி, எத்தனை நாளாக, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள், தோலில் ஏதேனும் பிரச்சினை உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பன அவற்றில் அடங்கும். எதையும் கேட்காமல் நேராகப் படுக்கச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. விசாரணை முடிந்ததும் குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் தடவிக் கைகளால் சற்று நேரம் நீவிவிடுவார்கள். பிறகு கிண்ணத்தை வைத்துப் பம்பை இழுக்கும்போது தோலை யாரோ முழுக் கையால் பற்றி மேலே தூக்கிப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். முதல் அரை நிமிடம் அது விநோதமாகத்தான் இருக்கும். அதன்பின் அந்த இறுக்கம் பழகி, சூடு பரவுவது தெரியும்.

மசாஜ் கப்பிங்கின் சிறப்பு கிண்ணத்தை நகர்த்துவதில் இருக்கிறது. எண்ணெயின் மேல் கிண்ணத்தை முதுகெலும்பின் இரு பக்கமும் மேலும் கீழுமாக மெதுவாக இழுத்துச் செல்லும்போது, தளர்வாக உள்ள இடங்களில் அது வழுக்கிக்கொண்டு போகும். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு போன்ற இறுகிய இடங்களில் தயங்கி நின்று, சிறிது அசைத்த பிறகே நகரும். அந்த இடத்தில் நீங்களே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வீர்கள். பிடிக்காமல் மெல்ல வெளியே விட்டால் தசை தளர்ந்து கிண்ணம் எளிதாக நகர்வதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். நகர்த்தி முடித்தபின் மிகவும் இறுகிய இடங்களில் மட்டும் கிண்ணங்களைச் சில நிமிடங்கள் அப்படியே விட்டுவைப்பார்கள். முதல்முறைக்கு ஐந்து நிமிடமே தாராளம். பழகியவர்களுக்கும் பத்து, பதினைந்து நிமிடங்களைத் தாண்டுவது நல்லதன்று. எடுக்கும்போது கிண்ணத்தைப் பிடுங்குவதில்லை. விளிம்பை ஒட்டித் தோலை விரலால் அழுத்துவார்கள், அல்லது மேலே உள்ள வால்வைத் திறப்பார்கள். உஸ் என்ற ஒலியோடு காற்று உள்ளே நுழைந்ததும் கிண்ணம் தானாகக் கழன்றுவிடும்.

இனி அந்த வட்டங்கள். உறிஞ்சலின் இழுப்பில் தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சில உடைந்து ரத்தம் கசிந்து தங்குகிறது; வட்டத்துக்குக் காரணம் அவ்வளவுதான். அடிபட்ட இடத்தில் ரத்தம் கன்றிப்போவதும் இதேபோன்ற நிகழ்ச்சிதான். தடம் எவ்வளவு கறுக்கும் என்பது இழுப்பின் வலிமை, கிண்ணம் இருந்த நேரம், அவரவர் தோலின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. "உடலில் இருக்கும் நஞ்செல்லாம் வெளியே வருகிறது, கறுப்பாக இருந்தால் நஞ்சு அதிகம்" என்று சொல்லும் சிகிச்சையாளர்கள் உண்டு. கழிவுகளை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன. கிண்ணத்துக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. இந்தப் பேச்சால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். தடம் கறுத்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் என்று நம்புகிறவர் இன்னும் இழுக்கச் சொல்கிறார், சிகிச்சையாளரும் இழுக்கிறார், முடிவில் தோலில் நீர்க்கொப்புளங்கள் எழும்புகின்றன. எனக்கு மிக நன்றாகப் பலன் தந்த அமர்வுகளில் சில, இளஞ்சிவப்புத் தடத்துக்கு மேல் எதையும் விட்டுச் செல்லாதவை. வழக்கமாகத் தடங்கள் சில நாட்களில் மங்கத் தொடங்கி, இரண்டு வாரங்களுக்குள் மறைந்துவிடும். நம்மைப் போன்ற மாநிறமும் கருநிறமும் உடையவர்களுக்கு, ரத்தக்கட்டு கரைந்த பிறகும் தோலில் கருமை சில காலம் தங்கக்கூடும் என்பதால், கழுத்தின் பின்புறம் போன்று வெளியே தெரியும் இடங்களில் மென்மையாகவே செய்யச் சொல்லுங்கள்.

பலனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் குறுகிய காலத்துக்குத் தணிவு கிடைப்பதாக ஆய்வுகள் சில காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பல சிறியவை. அதோடு, கிண்ணம் வைத்திருப்பது நோயாளிக்கே தெரிந்துவிடும் என்பதால், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடினம். 1965-இல் வலி ஆய்வாளர்களான மெல்ஸாக், வால் ஆகிய இருவரும் முன்வைத்த கோட்பாட்டின்படி, தொடுதல், அழுத்தம் போன்ற உணர்வுகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை ஓரளவு தடுக்கக்கூடும். கப்பிங்கின் விளைவுக்கும் இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. என் அனுபவத்தில் கழுத்தைத் திருப்புவது சில நாட்களுக்கு எளிதாகிறது. அந்த நாட்களில் நீட்சிப் பயிற்சிகளைச் செய்து, உட்காரும் முறையையும் சரிசெய்துகொண்டால் நன்மை நீடிக்கிறது; இல்லாவிட்டால் இறுக்கம் பழையபடி திரும்பிவிடுகிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று யாராவது சொன்னால், அதை நம்பி மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.

சிலர் இதைத் தவிர்க்கத்தான் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள், ஹீமோஃபீலியா முதலிய ரத்தக்கசிவு நோய் உள்ளவர்கள், காலின் ஆழ்சிரைகளில் ரத்த உறைவு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்து. சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கிண்ணம் வைத்த இடத்திலேயே புதிய திட்டுகள் தோன்றலாம். காயத்தழும்பு கெலாய்டாகத் தடிக்கும் இயல்புடையவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் செய்துகொள்ளக் கூடாது. புண், வெயிலில் கன்றிய தோல், புடைத்த சிரைகள் ஆகியவற்றின் மேல் யாருக்கும் கிண்ணம் வைக்கக் கூடாது.

முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள். அன்றைக்கு வெந்நீர்க் குளியல், நீராவிக் குளியல், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிர்த்து, தடங்களைத் தேய்க்காமலும் சொறியாமலும் விட்டுவிட வேண்டும். தொட்டால் லேசாக வலிப்பது இயல்பு. கொப்புளம், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய தடங்கள் முழுதும் மறையுமுன் அதே இடத்தில் மறுபடி செய்துகொள்ள வேண்டாம். கழுத்து வலி கைக்கு இறங்கி விரல்கள் மரத்துப்போவது, பிடிமானம் குறைவது போன்ற அறிகுறிகள் இருந்தால், கப்பிங்குக்கு நாள் குறிக்காமல் முதலில் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.