கைக்குழந்தையோடு கீழடிக்குப் போகலாமா?

கீழடி அருங்காட்சியகத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்கூடப் போகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம்: நான், வீட்டுக்காரர், அத்தை, எட்டு மாதப் பாப்பா, அவளுடைய ஸ்ட்ரோலர். அந்த ஸ்ட்ரோலரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஸ்ட்ரோலரில் உட்கார்ந்தால் பாப்பாவின் கண் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கும். கூட்டத்துக்கு நடுவே அந்த உயரத்தில் என்ன தெரியும்? வேட்டி, பேன்ட், யாரோ ஒருவரின் தோள்பை. முதல் கூடத்தில் அவள் சிணுங்க ஆரம்பித்தாள். பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. இடுப்பில் தூக்கி வைத்ததும் கப்சிப். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் இருந்த பானைகளைப் பார்த்து வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. அதன்பிறகு வண்டியில் டயப்பர் பை, வெந்நீர் பிளாஸ்க், அத்தையின் கூடை எல்லாம் ஏறிக்கொண்டன. பாப்பா எங்கள் இடுப்பிலேயே மாறி மாறி வந்தாள். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பிள்ளையையும் தூக்க முடியாது. அவள் தூங்கிப்போனால் கிடத்தவும் அதுதான் வேண்டும்.

2023 மார்ச் 5இல் திறந்த இந்தக் கட்டடத்தை, 31,000 சதுர அடியில், செட்டிநாட்டு வீடுகளின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பெரிய ஹாலாக இல்லாமல் தனித்தனிக் கூடங்களாக இருப்பது பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஒரு கூடத்தைப் பார்த்ததும் வெளியே வந்து காற்று வாங்கலாம். ஒருவர் வெளியே வண்டியோடு நிற்க, மற்ற இருவரும் பாப்பாவோடு உள்ளே போவது, அப்புறம் ஆள் மாறிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். நடுவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து துப்பட்டாவைப் போர்த்திப் பால் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டி ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்து, கூட்டத்துக்கும் எனக்கும் நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பாப்பா குடித்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை.

உள்ளே பார்த்ததில் எனக்கு மனசு நின்றுபோன இடம், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். பழங்காலத்தில் தமிழை எழுதிய தமிழ்-பிராமி எழுத்தில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறிய ஆட்களின் பெயர்கள். 2018இல் தமிழகத் தொல்லியல் துறை கீழடியில் தோண்டியபோது 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அந்த மண்ணடுக்குக்குக் கி.மு. 580 என்று காலம் வந்தது. இரண்டாள் ஆழம், இரண்டாயிரத்து அறுநூறு வருடம். அந்த எண்களை நான் பல தடவை படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பானை ஓடுகளை நேரில் பார்த்தபோது நினைவுக்கு வந்தது மதுரை வெங்கலக்கடைத் தெருதான். பாப்பாவுக்குப் பேர் வைத்த சமயம் அங்கே வாங்கிய எவர்சில்வர் கிண்ணத்தில் அவள் பெயரை வெட்டி வாங்கி வந்தோம். 'டிக் டிக் டிக்' என்று புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுத்தார் கடைக்காரர். விசேஷ வீட்டில் நம் பாத்திரம் மாறிப்போகக் கூடாதே என்று ஆதனும் யோசித்திருப்பானோ என்னவோ! அவன் பெயரை அவள் காதில் சொன்னேன். அவள் என் காதுத் தொங்கட்டானைப் பிடித்து இழுத்தாள்.

வட்டச்சில்லுகளையும் காட்டினேன். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய விளையாட்டுச் சாமான்கள். தெருவில் பாண்டி ஆட நாங்களும் ஓட்டாஞ்சில்லைச் சிமென்டுத் தரையில் இப்படித்தான் தேய்ப்போம். தந்தத்தில் செய்த பகடை, சுடுமண் பொம்மை எல்லாம் பக்கத்திலேயே இருந்தாலும் எனக்கு அந்தச் சில்லை விட்டு வர மனசில்லை.

நெசவுக் கருவிகள் இருக்கிற இடத்தில்தான் அத்தை எங்களை நிறுத்திவிட்டார். அவர் பிறந்த வீடு பரமக்குடி, வீட்டுக்குள்ளேயே தறி ஓடிய குடும்பம். அதுவரை "ம்ம், பாருங்க பாருங்க" என்று பின்னாலேயே வந்தவர், நூல் நூற்கிற சுடுமண் தக்களியைக் கண்டதும் கண்ணாடிக்கு மிக அருகில் போய்விட்டார்.

"ஏத்தா, இது தக்களியில்ல? பள்ளிக்கூடத்துல எங்களுக்குக் கைத்தொழில் பாடமே இதுதான். நடுவுல குச்சியைச் சொருகி, பஞ்சைக் கோத்து, ஒரு திருகு திருகி விடணும். அது பாட்டுக்குச் சுத்தும். சுத்தச் சுத்தப் பஞ்சு முறுக்கி நூலாயிரும்."

சொல்லிக்கொண்டே இடது கையை மேலே தூக்கி, வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இல்லாத குச்சியைத் திருகிக் காட்டினார். சுற்றுலா வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "பாட்டி, ஏன் ஒண்ணு பெருசா இருக்கு, ஒண்ணு சிறுசா இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இந்தச் சுடுமண் குண்டு கனமா இருந்தா மெல்லிசு நூல் தாங்காதுப்பா, அறுந்துரும். ரொம்ப லேசா இருந்தா சுத்து சீக்கிரம் நின்னுரும். நூலுக்குத் தக்கன குண்டு."

அந்தப் பையன் மறுபடி பெட்டியைப் பார்த்த பார்வையே வேறு. தறியில் கனத்துக்குத் தொங்கவிடுகிற கல், எலும்பில் செய்த கூர்முனை என்று ஒவ்வொன்றாகக் காட்டி அத்தையிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததற்கு "டீச்சர்கிட்ட கேளுங்க" என்றார். எங்கள் வீட்டுச் சமையலறையில் இந்த அத்தையை நான் பார்த்ததே இல்லை. கூட்டமாக இருந்ததால்தான் இது நடந்தது என்றும் தோன்றியது. ஆளில்லாத நாளாக இருந்தால் எங்களிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்.

இதற்குள் பாப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஸ்ட்ரோலரிலிருந்த மூட்டையை இறக்கி அவளைக் கிடத்தினோம். கடல்வழி வணிகக் கூடத்தைப் பார்க்காமலே கிளம்பியதில் வருத்தமில்லை. குழந்தையோடு போனால் பாதி பார்த்தால் போதும். மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

சிலைமான் தாண்டுவதற்குள் அத்தை பரமக்குடிக்குப் போன் போட்டுத் தங்கையிடம் தக்களிக் கதையை ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவை சின்ன அத்தையும் வருகிறார். நீங்களும் போவதானால் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள், காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். வீட்டில் தறியோ, சூளையோ, வயலோ தெரிந்த பெரியவர் இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.