41 கிலோவில் தொடங்கிய என் பத்து மாதம்

கர்ப்பம் உறுதியானபோது என் எடை 41 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) பதிந்த அன்றே நர்ஸ் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேத்த எடைக் கணக்கு, 17தான் வருதும்மா. 18.5 ஆவது இருக்கணும். நீ பன்னிரண்டு கிலோவுக்கு மேல ஏறணும்" என்றார். என்னைவிடக் குண்டான பக்கத்து வீட்டு அக்காவுக்கு எட்டு, ஒன்பது கிலோ போதும் என்றிருந்தார்களே, எனக்கு ஏன் இவ்வளவு? பிறகுதான் புரிந்தது. குழந்தை வளரத் தாயின் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சத்தும் வேண்டும். என்னிடம் அந்தக் கையிருப்பே இல்லை.

முதல் மூன்று மாதம் வாந்தியில் போனது. எடை இன்னும் ஒன்றரைக் கிலோ இறங்கியது. அதற்கப்புறம் பசி வந்தும் நான் அரை வயிறுதான் சாப்பிட்டேன். "பிள்ளை பெருத்துட்டா பெத்தெடுக்க கஷ்டம், அளவாச் சாப்பிடு" என்பார் அத்தை. என் கணவர் பிறந்தபோது இரண்டு நாள் வலியில் துடித்தவர் அவர். பாசத்தில் சொன்னதுதான்.

28-ஆம் வாரம் நர்ஸ் அக்கா வயிற்றின் மேல் டேப் வைத்து அளந்தார். ஒருமுறை அளந்து, டேப்பை எடுத்து, திரும்பவும் வைத்தார். 25 சென்டிமீட்டர். 28 வாரத்துக்கு ஏறக்குறைய 28 இருக்க வேண்டுமாம், மூன்று குறைவு. எடை 44. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2, குறைந்தது 11 வேண்டும். ஸ்கேனில் குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, குழந்தைதான் சிறியது. அன்று பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அத்தையையும் கூட்டிவரச் சொன்னார் நர்ஸ் அக்கா. "இரண்டரைக் கிலோவுக்குக் கீழ பிறந்தா உடம்புச் சூடு நிக்காதும்மா, பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, சளி, காய்ச்சல்னு எதுவும் சீக்கிரம் தொத்திக்கும்" என்று பொறுமையாகச் சொன்னார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை வறுத்த மாவு வாசனையில்தான் கண் விழித்தேன். அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு பொட்டலங்கள் அதுவரை அலமாரியில் அப்படியே கிடந்தன. அதை வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டை பிடித்து வைத்திருந்தார் அத்தை. ஒரேயடியாகச் சாப்பிட முடியாததால் ஆறு வேளையாகப் பிரித்துக்கொண்டோம். தினம் முட்டை, பயறு, இரவில் பால். இரும்புச்சத்து மாத்திரையை இத்தனை நாளும் டீயோடு விழுங்கியிருக்கிறேன்! டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மாத்திரையை டீயும் பாலும் குடிக்காத வேளைக்கு மாற்றினேன். மருத்துவர் சொன்னபடி இரும்புச்சத்து ஊசியும் டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

அதன்பின் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் ஏறியது. ஏறுவதெல்லாம் குழந்தை இல்லை. நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், கூடும் ரத்தம், கருப்பை எல்லாம் அதில் உண்டு. கடைசியில் 50 கிலோவில் நின்றேன். பன்னிரண்டை எட்டவில்லை. அந்தக் கவலையோடுதான் பிரசவ அறைக்குப் போனேன்.

39-ஆம் வாரம், சுகப்பிரசவம். வெளியே வந்த நர்ஸிடம் அத்தை ஆணா பெண்ணா என்று கேட்கவில்லையாம். "எத்தனை கிலோ?" என்றுதான் கேட்டாராம். இரண்டு கிலோ 620 கிராம்.

ஐந்தாம் நாள் 2 கிலோ 480 ஆகிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. பிறந்த சில நாளில் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான், தாய்ப்பாலை மட்டும் கேட்கும்போதெல்லாம் கொடு என்றார்கள். பதினான்காம் நாள் மறுபடி தராசில் போட்டோம். முள் 2 கிலோ 700-ல் நின்றது. அத்தை குனிந்து, தன் கண்ணாலேயே இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.