கறுப்பு ஹெரால்டும் எச்டிஆரும்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 4, 2026, ஞாயிறு

பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்துக் கார்களை எச்டிஆர் முறையில், அதாவது வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை ஒன்றாக இணைக்கும் முறையில், படமெடுக்கப் பழகுவதென்று முடிவு செய்திருக்கிறேன். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து, 1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் கார், கறுப்பு நிறத்தில் இருப்பதால் பழகுவதற்குக் கடினமானது, அதனாலேயே பொருத்தமானதும்கூட. குரோமிய பம்பரில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் அதே வேளையில், சக்கரத்தின் மேல்வளைவுக்குள் டயர் இருப்பதே தெரிவதில்லை. பம்பருக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவு) வைத்தால் டயர் மறைகிறது. டயருக்கு ஏற்ப வைத்தால் பம்பர் வெளுத்துப் போகிறது.

இந்தச் சிக்கல் பழையது. 1850களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார்.

ஜனவரி 10, சனி

சூரியன் மதிலுக்கு மேலே வருமுன் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தினேன். லென்ஸ் ஹெட்லைட்டின் உயரத்தில் இருந்தால் காருக்கு ஒரு கம்பீரம் கிடைக்கிறது. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் அது சிறுத்துவிடுகிறது. அகலக் கோண லென்ஸ் முன்பக்கத்தைப் புடைக்க வைப்பதால், 70 மில்லிமீட்டரில் வைத்துச் சற்றுத் தள்ளி நின்றேன்.

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8, ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு). ஃபோகஸையும் ஒயிட் பேலன்ஸையும் கைமுறையில் நிலைப்படுத்திவிட்டு, ஒளியளவைத் தானாகவே மாற்றி அடுத்தடுத்து எடுக்கும் ஆட்டோ பிராக்கெட்டிங் மூலம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) குறைவாக ஒன்று, சரியளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒன்று என எடுத்தேன். இவற்றுக்கிடையே ஷட்டர் வேகம் மட்டுமே மாற வேண்டும். அபெர்ச்சரை மாற்றினால் கூர்மையாகத் தெரியும் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அந்தச் சில நொடிகளில் காருக்குள் யாரும் ஏறி இறங்கவும் கூடாது, ஏனெனில் ஸ்பிரிங் சற்றே அமுங்கினாலும் விளிம்புகள் இரட்டையாகிவிடும். (பக்கத்து வீட்டு வேப்பமரத்தை அசையாதே என்று சொல்லத்தான் முடியவில்லை. அசையும் இலைகளுக்கு, இணைக்கும்போது அசைவால் வரும் இரட்டைப் பிம்பத்தை நீக்கும் மென்பொருளின் டீகோஸ்டிங் வசதிதான் துணை.)

ஜனவரி 11, ஞாயிறு

இன்று லென்ஸின் முன்னே போலரைசரை, அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியை, பொருத்திப் பார்த்தேன். கறுப்புக் கதவு நிலைக்கண்ணாடி போல எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. வடிகட்டியைத் திருப்பியதும் அந்தப் பிம்பம் பெருமளவு மங்கியது. ஆனால் பம்பரில் எந்த மாற்றமும் இல்லை. பெயிண்டிலும் கண்ணாடியிலும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் போலரைசர் தடுக்கும். வெறும் உலோகத்திலிருந்து திரும்பும் ஒளி அதற்குக் கட்டுப்படாது. ஆகவே குரோமியத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதைக் கார் நிற்கும் இடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

மூன்று படங்களையும் கணினியில் இணைத்தேன். இணைந்த கோப்பில் இருக்கும் ஒளி வேறுபாடு முழுவதையும் சாதாரணத் திரையால் காட்ட முடியாது என்பதால், அதைத் திரைக்கேற்பச் சுருக்கியாக வேண்டும். டோன் மேப்பிங் என்பது அதுதான். எச்டிஆர் என்றாலே பலர் முகம் சுளிக்கும் நிலை உருவானதும் இந்தக் கட்டத்தில்தான். கறுப்புக் கூரைக்கும் வானுக்கும் இடையே வெள்ளை வளையம் எழுவதும், தார்ச்சாலை பாசி படிந்ததுபோல் தோன்றுவதும் ஸ்லைடர்களை அளவுக்கு மீறித் தள்ளுவதன் விளைவுகள். கிளாரிட்டியை (நுண்விவரங்களை அழுத்தமாக்கும் ஸ்லைடர்) கூட்டினால் டயருக்கும் கிரில்லுக்கும் நன்மைதான். ஆனால் பானட்டின் வளைவில் ஒளி மெல்ல மெல்ல மங்கிச் செல்வதுதான் அந்த உலோகத்தின் வடிவத்தையே கண்ணுக்குச் சொல்கிறது; கிளாரிட்டி அதைத் திட்டுத்திட்டாக்கிவிடுகிறது. ஆகவே பானட்டையும் கதவுகளையும் மாஸ்க் செய்து விலக்கிவிட்டு, மற்ற இடங்களுக்கு மட்டும் கொடுத்தேன்.

ஒப்பீட்டுக்காக, நடு எக்ஸ்போஷரை மட்டும் எடுத்து அதன் நிழல்களை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். வித்தியாசம் மிகச் சிறிது. இன்றைய நல்ல சென்சார்கள் ஒரே ரா கோப்பில் ஏறத்தாழ 14 ஸ்டாப் வரை பதிவு செய்வதால், காலை நிழலில் நிற்கும் காருக்கு எச்டிஆர் பெரும்பாலும் தேவைப்படாது என்றே கருதுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பின்னிருக்கையிலிருந்து டேஷ்போர்டை எடுத்தபோது எச்டிஆரின் தேவை ஐயமின்றித் தெரிந்தது. நண்பகல் வெயிலில் தெரு ஒளிர, ஸ்டியரிங்குக்குக் கீழே பெடல்கள் இருளில் கிடந்தன. இங்கே மூன்று படங்கள் போதவில்லை; ஐந்து எடுத்தேன். எத்தனை எடுப்பது என்பதை, இருளை இடப்பக்கமும் ஒளியை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமே சொல்லிவிடுகிறது: மிக இருண்ட படத்தில் வரைபடம் வலது ஓரத்தைத் தொடக் கூடாது, மிக வெளிச்சமான படத்தில் இடது ஓரத்தைத் தொடக் கூடாது. இணைத்தபின் தெருவைச் சற்று வெளிறியதாகவே விட்டுவைத்தேன். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே அப்படித்தான் தெரியும்.