ஒன்பதாம் வகுப்புப் படிவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பிலிருந்து முழுக் கணிதமான மேத்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டா (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி) என்று இந்த வருடமே முடிவு செய்யணும். லிட் எடுத்தால் இன்ஜினியரிங், மருத்துவம் எல்லாம் கைவிட்டுப் போகும் என்று பள்ளியில் யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லவில்லை, பாடத் தேர்வுப் படிவத்தைக் கொடுத்து வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்கி வா என்றார்கள், அவ்வளவுதான்.

வாழ்க்கைத் திறன், தொழில் வழிகாட்டல் எல்லாம் சொல்லித்தர லைஃப் ஓரியன்டேஷன் பாடம் வாரம் 2 மணி நேரம் இருக்கிறது, சரி. ஆனால் அப்பாவுக்கு வேலை போனதை எந்தப் பிள்ளை வகுப்பு நடுவில் எழுந்து சொல்லும்? மணி அடித்ததும் டாக்சி பிடித்து வீட்டுக்கு ஓடுகிற பிள்ளைகளோடு தனியாகப் பேச பள்ளியிலேயே ஒரு ஆள் வேண்டும். மனசு தாங்காத நேரத்துக்கு பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன் இருக்கிறது, எண் 116, கட்டணம் கிடையாது, பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம், சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோவிலிலேயே இருப்பேன். படிவத்தோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.