நாலு நட்சத்திரமும் ரெண்டு பந்தும்

"கால்பந்து உலகக் கோப்பை ரெண்டுதானே, உருகுவே சட்டையில் எதற்கு நாலு நட்சத்திரம்?" சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். தலைநகர் மொண்டேவீடியோ வந்து இரண்டாவது மாதம். ஸ்பானிஷ் அரைகுறை, கேள்வி கேட்க வரும், பதில்தான் புரியாது. வீட்டுக்காரப் பாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர்க் குடுவையைப் பட்டென்று மேசையில் வைத்தார். வைத்த வேகத்திலேயே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துவிட்டது.

1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம், 1930 இங்கே, 1950 பிரேசில். விரல் விட்டு எண்ணினார். முதல் இரண்டும் ஒலிம்பிக் ஆயிற்றே என்று இழுத்தேன். "அப்போது உலகக் கோப்பை என்று ஒன்று இருந்ததா? உலகம் வந்து ஆடியது அதில்தான்." அப்புறம், "உங்கள் நாட்டுக்கு எத்தனை?" என்றார். பிரிக்காத திருநெல்வேலி மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் ஜனம் உள்ள நாட்டில் உட்கார்ந்து, நூற்று நாற்பது கோடிப் பேர் சார்பில் தலையைக் குனிந்துகொண்டேன். கிரிக்கெட் என்று முனகிப் பார்த்தேன். அது என்ன என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்குள்ளேயே பொசிடோஸ் பகுதிக்கு இழுத்துப் போனார், பாடம் எடுக்க. 1930-இல் முதல் உலகக் கோப்பை, பதின்மூன்று அணிகள். எல்லா ஆட்டமும் இந்த ஒரே ஊரில். சென்டெனாரியோ என்ற பெரிய மைதானம் போட்டி தொடங்கும்போது தயாராகவில்லை. அரசியல் சாசனத்தின் நூறாவது ஆண்டு நாளான ஜூலை 18-இல்தான் திறந்தார்கள். அதுவரை சின்ன மைதானங்கள். அதில் ஒன்று பொசிடோஸில் இருந்தது. பிரான்சின் லூசியன் லோரான் உலகக் கோப்பையின் முதல் கோலை அடித்தது அங்கேதான். இப்போது மைதானம் இல்லை, தெருவும் வீடுகளும்தான். அடையாளத்துக்குச் சிற்பம் மட்டும் வைத்திருக்கிறார்கள். கக்கத்தில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, கோல் போஸ்ட் இருந்த இடத்தைப் பாட்டி காலால் தட்டிக் காட்டினார்.

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவுக்குப் பின்னால் இருந்த பொட்டலும் இப்போது பிளாட்தான். என் முதல் சிக்ஸர் விழுந்த இடத்தில் யாரோ போர் போட்டிருக்கிறார்கள். சிற்பமெல்லாம் கிடையாது.

ஆனால் என்னை உண்மையிலேயே பிடித்துக்கொண்டது இறுதிப் போட்டிக் கதை. ஜூலை 30, உருகுவேயும் அர்ஜென்டினாவும். யார் பந்தில் ஆடுவது என்று தகராறு. நடுவர் பெல்ஜியத்துக்காரர் லாங்கனுஸ். முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, மறு பாதிக்கு உருகுவே பந்து என்று முடிவாயிற்று. இடைவேளையில் அர்ஜென்டினா 2–1. பந்து மாறியது, உருகுவே மூன்று கோல் போட்டு 4–2 என்று முடித்தார்கள். கடைசிக் கோல் எக்டர் காஸ்ட்ரோ. சின்ன வயதில் ரம்பத்தில் ஒரு முன்கையைப் பறிகொடுத்தவர். மறுநாள் நாட்டுக்கே விடுமுறை.

உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், பெரிய மனிதர்கள், 'என் பந்துலதான் ஆடணும்' என்று நின்றிருக்கிறார்கள்! நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பாட்டி முறைத்தார். பேட் வைத்திருப்பவன்தான் முதலில் இறங்குவான், அவுட் கொடுத்தால் பேட்டோடு வீட்டுக்குப் போய்விடுவான் என்ற எங்கள் தெருச் சட்டத்தை என் ஸ்பானிஷில் எப்படி விளக்குவது?

மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது நன்றாகவே பழகிவிட்டேன். மாத்தேயின் கசப்பு நாக்குக்குப் பிடித்துவிட்டது. இங்கத்திய வழக்கப்படி மாதம் 29-ஆம் தேதி தட்டுக்கு அடியில் காசு வைத்து ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிடுகிறேன். நட்சத்திரம் எத்தனை என்று யாராவது கேட்டால் நாலு என்று நானே சண்டைக்குப் போகிறேன்.

என்ன, இந்த ஜூலைதான். இங்கே குளிர்காலம். ஆற்றங்கரைச் சாலையில் காற்று ஆளைத் தள்ளும், கூடவே பொடித் தூறல். அதை முகத்தில் வாங்கியதும் கால் தானாகத் தென்காசி பஸ்ஸைத் தேடும். சீசன் ஆரம்பித்திருக்குமே, குற்றாலத்தில் கூட்டம் எப்படியோ.

போன வாரம் அம்மாவைக் கூப்பிட்டேன். எனக்குக் காலை, அங்கே சாயங்காலம். சாரல் உண்டா, அருவியில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "பரண்ல என் பேட் இருக்காம்மா?" என்றேன்.

"எது, அவுட்டானா தூக்கிட்டு ஓடியாருவியே, அதா? கரையான் அரிச்சிட்டுன்னு போன வருசமே வெந்நீர் அடுப்புல வச்சாச்சுல."