சொத்து வழக்குகளின் வழியே ஒரு வர்ஜீனியா குடும்பத்தைத் தேடியது

என் கணவரின் அம்மா வழிக் குடும்பம் வர்ஜீனியாவைச் சேர்ந்தது. அவர்கள் வீட்டில் ஒரு பழைய பைபிள் இருக்கிறது. அதில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 1790களுக்கு முன்னால் ஒரு வரிகூட இல்லை. அதற்கு முந்தைய காலத்துக்கு வாய்வழிக் கதை ஒன்றுதான்: இங்கிலாந்திலிருந்து மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்களாம். அமெரிக்காவின் பழைய குடும்பங்கள் பலவும் இதே மூன்று சகோதரர் கதையைச் சொல்கின்றன. ஆதாரம் என்று கேட்டால் யாரிடமும் இருப்பதில்லை. என் மாமியாருக்கு எண்பது வயது நெருங்கும்போது, உண்மையில் அவர்கள் யார் என்று கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று நான் இறங்கினேன். அந்தக் குடும்பத்தார் இன்னும் அதே ஊர்ப்பக்கம் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். பைபிளில் முதலில் வருபவரைப் பேரன் என்றும், அவருடைய தகப்பனாரை அப்பா என்றும், அவருக்கும் முந்தையவரைத் தாத்தா என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே வேலையைத் தொடங்கும் யாரும் முதலில் பிறப்புச் சான்றிதழைத்தான் தேடுவார்கள். வர்ஜீனியா மாநிலம் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்ய ஆரம்பித்ததே 1853இல்தான். 1790இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வர்ஜீனியா தாள்கள் இன்று இல்லை. தேவாலயப் பதிவேடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தப்பியிருக்கின்றன. மிஞ்சுவது கவுண்டி கோர்ட். கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பகுதி. காலனிக் காலத்து வர்ஜீனியாவில் இந்தக் கோர்ட் மாதம் ஒருமுறை கூடும். நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் இல்லை, உள்ளூர்ப் பெரிய தோட்டக்காரர்கள். உயிலை ஏற்பது, கடன் வழக்கு, தகப்பனில்லாத பிள்ளைகளுக்குக் கார்டியன் நியமிப்பது, ரோடு போடுவது என்று எல்லாமே அங்கேதான் நடக்கும். ஒருவர் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் செத்தபிறகு அவருடைய கட்டிலும் பானையும் யாருக்குப் போனது என்பதை வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கவுண்டி என்பதே முதல் சிக்கல். நியூ கென்ட் கவுண்டியிலிருந்து 1720இல் ஹனோவர் பிரிந்தது. ஹனோவரிலிருந்து 1742இல் லூயிசா பிரிந்தது. ஒரு குடும்பம் இருந்த இடத்தை விட்டு நகராமலே மூன்று கவுண்டிகளின் பதிவேடுகளில் இருக்கலாம். ஆகவே ஊர்ப் பெயரை வைத்துத் தேடாமல், அந்த ஆண்டில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பார்த்துத் தேட வேண்டும். எங்கள் விஷயத்தில் லூயிசா பதிவேடுகள் நன்றாகவே இருக்கின்றன. அதற்கு மேலே போனால் சாம்பல்தான். நியூ கென்ட் கிளார்க் ஆபீசை 1787இல் தீ வைத்து எரித்துவிட்டார்கள். ஹனோவர்க்காரர்கள் உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று தங்கள் பழைய புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தார்கள். 1865 ஏப்ரலில் தெற்குப் படை ரிச்மண்டை விட்டு வெளியேறியபோது மூட்டிய தீயில் அவையெல்லாம் போயின. ஒன்றிரண்டு புத்தகங்கள் மட்டும் எப்படியோ மிஞ்சின.

நான் கீழிருந்து மேலே போனேன். வர்ஜீனியாவில் 1782 முதல் நில வரிப் பட்டியலும் சொத்து வரிப் பட்டியலும் ஆண்டுதோறும் கிடைக்கின்றன. பேரன் எந்த ஆண்டு தனியாக வரி கட்ட ஆரம்பித்தார், யார் பக்கத்தில் இருந்தார் என்று அதில் தெரிந்தது. வரிப் பட்டியலில் ஒருவர் பெயருக்குப் பின்னால் 'எஸ்டேட்' என்ற சொல் ஒட்டிக்கொண்டால், அவர் இறந்துவிட்டார், சொத்து இன்னும் பிரிக்கப்படவில்லை என்று பொருள். அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனபோது, 1770களின் லூயிசா உயில் புத்தகத்தில் அப்பாவின் உயில் கிடைத்தது.

உயில் கையில் கிடைத்ததும் பலர் தேடலை முடித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் கோர்ட் காகிதங்களிலேயே குறைவாகப் பேசுவது உயில்தான். அப்பாவின் உயிலில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் வருகிறார்கள். மூத்த மகன் பெயரே இல்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும். 1785இல் புதிய சட்டம் கொண்டுவந்துதான் அதை மாற்றினார்கள், அதுவும் 1787இல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே மூத்தவருக்குத் தனியாக எழுத வேண்டிய அவசியம் பல தகப்பன்மார்களுக்கு இருந்ததில்லை. அல்லது அவருக்கு உரியதை உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருப்பார்கள். எங்களுடையது இரண்டாவது வகை. பத்திரப் புத்தகத்தில், 'இயல்பான அன்பின் பொருட்டும் ஐந்து ஷில்லிங்குக்கும்' மகனுக்கு நிலம் எழுதிக் கொடுத்த பத்திரம் இருந்தது. அதில் தகப்பன் மகன் உறவு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. உயிலை மட்டும் பார்த்திருந்தால் அந்த மகன் எங்கள் வம்சாவளியிலேயே இருந்திருக்க மாட்டார்.

லூயிசாவில் அதே காலத்தில் அதே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரை சீனியர் என்றும் மற்றவரை ஜூனியர் என்றும் கிளார்க் எழுதுகிறார். இதை வைத்து அப்பா, மகன் என்று முடிவு கட்டக்கூடாது. அந்தக் காலத்தில் ஒரே ஊரில் வயதில் மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், சம்பந்தமே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்தால் ஜூனியர் சீனியராகிவிடுவார். இருவரையும் பிரிக்க எனக்கு உதவியவர்கள் மனைவிமார்கள். கணவன் நிலத்தை விற்றால், அவன் இறந்தபின் மனைவிக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கவேண்டிய மூன்றில் ஒரு பங்கை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விசாரித்து, மனமுவந்து சம்மதிக்கிறாளா என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். வேறெங்கும் பெயர் வராத பெண்களை நான் சந்தித்தது இந்த ஒற்றை வரிப் பதிவுகளில்தான். ஒருவர் மனைவி பெயர் ஒன்று, மற்றவர் மனைவி பெயர் வேறு. அப்புறம் எந்தப் பத்திரம் யாருடையது என்று பிரிப்பது சுலபமாகிவிட்டது.

உயிலை ஏற்றதும் கோர்ட் அக்கம்பக்கத்துக்காரர்கள் மூன்று நான்கு பேரைச் சத்தியம் செய்ய வைத்து, இறந்தவர் வீட்டுச் சாமான்களை மதிப்பிட அனுப்பும். அப்பாவின் சொத்துப் பட்டியல் இரண்டு பக்கம். மதிப்பிட்டவர்கள் வீட்டுக்குள் நடந்த வழியிலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இறகு மெத்தைக் கட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி, கொஞ்சம் பழைய புத்தகங்கள், பியூட்டர் தட்டுகள், இரும்புப் பானையும் அதைத் தொங்கவிடும் கொக்கியும், நூற்கும் ராட்டை, பெண்கள் ஏறும் சேணம் ஒன்று. பிறகு வெளியே வந்து புகையிலைக்கு மண் கொத்தும் களைக்கொத்துகள், ஆடு, பன்றி. குதிரைக்கும் பசுவுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் பெயர், அவளோடு சேர்த்து அவளுடைய கைக்குழந்தை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விலை. அதே மையில், அதே கையெழுத்தில். அந்த வரியை நான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளைகளின் மூதாதையர் அந்தப் பெண்ணைச் சொத்தாக வைத்திருந்தார்கள் என்பதற்கான காகிதம் அது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் எங்கள் வம்சாவளியைத் தேடும் அதே கவனத்தோடு தேட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கடைசியில், பதிவேடுகள் எரிந்துபோன தடையைத் தாண்ட வழி கிடைத்ததும் அவர்களைப் போன்றவர்களால்தான்.

அதற்கு முன் உத்தரவுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோர்ட் கூடிய ஒவ்வொரு நாளும் நடந்ததை ஓரிரு வரியில் எழுதிய புத்தகம் இது. நான் பார்த்தவற்றில் பின்னால் உள்ள அட்டவணை வழக்குப் போட்டவர் பெயரை மட்டுமே சொல்கிறது. சாட்சியாக, ஜாமீன்தாரராக, கார்டியனாக வந்தவர்கள் அதில் இல்லை. பக்கம் பக்கமாகப் படிப்பதைத் தவிர வேறு வழி அப்போது இருக்கவில்லை. இப்போது ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் கையெழுத்துப் பக்கங்களையே கம்ப்யூட்டர் மூலம் படித்துத் தேடும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் பழைய கையெழுத்தில் சொல் நடுவே வரும் எஸ் எழுத்து எஃப் போலத் தெரிவதால் பெயர்கள் தப்பும். நான் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுவேன். உத்தரவுப் புத்தகத்திலிருந்துதான் பிள்ளைகளின் வயது தெரிந்தது. தாய் உயிரோடு இருந்தாலும் தகப்பன் இறந்த பிள்ளைகளை அந்தக் கோர்ட் அனாதை என்றே எழுதும். பதினான்கு வயது ஆன பிள்ளை தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பேரன் ஒரு கோர்ட் நாளில் வந்து தன் தாய்மாமனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் தாய்மாமன் என்று அந்த வரியில் இல்லை. விதவை கோர்ட்டில் கொடுத்த ஜாமீன் பத்திரத்தில் அதே ஆள் கையெழுத்துப் போட்டிருந்தார். விதவைக்கு ஜாமீன் நிற்பவர் பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டு ஆள்தான். அவள் பிறந்த வீட்டுப் பக்கம் தேடிப் போனதில் உறவு உறுதியானது.

அப்பாவுக்கு மேலே தாத்தா. அவர் ஹனோவர்க்காரராக இருந்திருக்க வேண்டும் என்பது யூகம். அங்கிருந்த புனித பால் பாரிஷின் (தேவாலய வட்டாரத்தின்) நிர்வாகப் புத்தகம் தப்பியிருக்கிறது. நில உரிமையாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து, மரங்களில் உள்ள அடையாளத்தைப் புதுப்பித்த விவரம் அதில் உண்டு. அதில் அந்தக் குடும்பப் பெயர் வருகிறது. ஒரு பதிவின் தேதியில் 1744/5 என்று இருக்கிறது. 1752 வரை அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு இப்படி இரண்டு ஆண்டும் சேர்த்து எழுதுவார்கள். ஆனால் பெயர் வருவதால் மட்டும் அவர் எங்கள் தாத்தா ஆகிவிட முடியாது.

ஆதாரம் சான்சரி வழக்கில் இருந்தது. சாதாரணச் சட்டத்தில் தீராத பாகப்பிரிவினை, பங்காளிச் சண்டை எல்லாம் சான்சரிக்குத்தான் போகும். ரிச்மண்டில் உள்ள லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா இந்த வழக்குக் கட்டுகளைக் கவுண்டி கவுண்டியாகப் பிரித்து, அட்டவணை போட்டு, பெரும்பகுதியைப் படமெடுத்து இலவசமாகவே வைத்திருக்கிறது. வழக்கின் தலைப்பில் எங்கள் குடும்பப் பெயர் இல்லை. வேறொரு குடும்பத்துக்குள் நடந்த சண்டை அது. கட்டுக்குள் வரும் மற்ற குடும்பப் பெயர்களையும் அட்டவணையில் சேர்த்திருந்ததால்தான் கண்ணில் பட்டது. தாத்தா தன் மகளுக்கு ஒரு பெண் அடிமையை மகளின் ஆயுள் வரை அனுபவிக்கக் கொடுத்து, அதன்பின் மகளின் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். அரை நூற்றாண்டு கழிந்து, அந்தப் பெண்ணுக்குப் பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் யாருக்குச் சொந்தம் என்று மகளின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். தாயின் நிலைதான் பிள்ளைக்கும் என்று வர்ஜீனியா 1662இலேயே சட்டம் போட்டிருந்தது. அதனால் அந்தப் பெண்ணின் ஒவ்வொரு பிள்ளையும் வழக்குக்குள் வர வேண்டியிருந்தது.

கட்டுக்குள் மடித்து வைத்த ஒரு தாள். ஹனோவர் கிளார்க் அத்தாட்சி செய்து கொடுத்த தாத்தாவின் உயில் நகல். மூலம் 1865இல் எரிந்துவிட்டது. வழக்குக்காக யாரோ காசு கொடுத்து வாங்கிய நகல் பக்கத்துக் கவுண்டியில் தப்பித்துவிட்டது. அதில் லூயிசாவில் குடியிருக்கும் மகன் என்று அப்பா பெயர் இருக்கிறது. கூடவே அக்கம்பக்கத்து முதியவர்களின் வாக்குமூலங்கள். அதில் ஒரு கிழவி, தாத்தாவின் வீட்டிலிருந்து தன் வீடு எவ்வளவு தூரம், ஒரு கல்யாணத்தன்று யார் யார் வந்தார்கள் என்பது வரை சொல்லியிருக்கிறாள். பதிவேடு எரிந்த கவுண்டியில் தேடுபவர்களுக்கு என் ஒரே யோசனை, சுற்றியுள்ள கவுண்டிகளின் சான்சரிக் கட்டுகளைப் பாருங்கள். இப்படி வேறு இடங்களில் தப்பிய நகல்களை லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா தனித் தொகுப்பாகவும் சேர்த்து வருகிறது.

மூன்று சகோதரர்கள் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு சொல் இல்லை. மாமியாரிடம் சொன்னேன். "சரி, அப்போ நிஜமாக இருந்த இவர்களே போதும்" என்றார்.

அந்த வழக்குக் கட்டுக்குள் இருந்த அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர், வயது, யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வாரிசிடம் போனார்கள் என்பதையெல்லாம் தனியாக எழுதி, தேடுபவர்களுக்குக் கிடைக்கும்படி பொதுவில் போட்டிருக்கிறேன். 1850, 1860 கணக்கெடுப்பின் அடிமை அட்டவணைகளில் ஏறக்குறைய எல்லாருமே பெயரில்லாமல் வயதாகவும் நிறமாகவும்தான் இருக்கிறார்கள். 1870இல்தான் பெரும்பாலான கறுப்பினத்தவர்கள் கணக்கெடுப்பில் முதன்முதலாகப் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் தங்கள் பாட்டிமாரைத் தேடுபவர்களுக்கு, அடிமை வைத்திருந்தவர்களின் சொத்துப் பட்டியலும் பாகப்பிரிவினை வழக்கும்தான் பெரும்பாலும் வழி. அந்தக் காகிதங்களை முதலில் புரட்டுவது எங்களைப் போன்ற குடும்பங்கள்தான் என்பதால், எழுதிப் போடும் கடமையும் எங்களுடையது.

சான்சரித் தீர்ப்பின்படி, தாத்தா மகளுக்குக் கொடுத்த அந்தப் பெண்ணின் மகள்களில் ஒருத்தி, கென்டக்கிக்குக் குடிபோன ஒரு வாரிசின் பங்காகப் போயிருக்கிறாள். 1792 வரை கென்டக்கியும் வர்ஜீனியாவின் பகுதிதான். அவர்கள் போய் இறங்கிய கவுண்டி எது என்று வரிப் பட்டியல்களில் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது தெரிந்ததும் அங்குள்ள உயில் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.